தையல்காரர் வாங்கிய வெல்டிங் பிளான்ட்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெயரைப் பெண்சாதி வாய்விட்டுச் சொல்வதில்லை. நானும் மகளின் பெயரை வைத்து 'நுஸ்ராட வாப்பா' என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் பெயர் இல்லாமல் முடியாது. அவர் பெயர் உசனார். கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவில் தையல் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் எங்கள் வீட்டின் முன்னறைதான்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கிய சனத்தோடு வந்தவர். அப்போது மீசை அரும்புகிற வயது. இங்கே ஒரு டெய்லரிடம் பட்டன் தைக்கத் தொடங்கி, கத்தரி பிடித்து, பிறகு என்னைக் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூட யூனிஃபோம், நிக்காஹ் சட்டை, ஹபாயா எல்லாம் தைப்பார். காற்றுக் காலம் வந்தால் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் கிழிந்த பட்டங்களையும் அவரிடம்தான் கொண்டு வருவார்கள். அவர்கள் இங்கிலீஷில் விளக்குவார்கள், இவர் தமிழில் தலையாட்டுவார், பட்டம் சரியாகி விடும்.

அவருடைய தொழிலில் இரண்டு பழக்கங்களை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஊர்ப் பெண்களுக்கு அளவுச் சட்டையைப் பார்த்துத்தான் தைப்பார். உடம்பில் டேப் வைத்து அவர் அளந்த பெண்கள் நானும் என் மகளும்தான். மற்றது, பிள்ளைகளின் யூனிஃபோமுக்குக் கீழே தாராளமாக உள்மடிப்பு விடுவார். யாரும் கேட்காவிட்டாலும் விடுவார். துணி காணாது என்று தாய்மார் முறைப்பாடு சொன்னால், வளர்கிற பிள்ளைக்கு வளர இடம் வேண்டாமா என்பார். பிள்ளை வளர்ந்ததும் மடிப்பைப் பிரித்து இறக்கிக் கொடுப்பார்.

இப்படிப்பட்ட மனிசனுக்கு இரும்பு ஆசை எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. போனில் யாரோ இரும்பு ஒட்டுகிற படம் பார்க்கத் தொடங்கினார். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் அதையே பார்த்தார். பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் அத்தாஉல்லாவின் இரும்புப் பட்டறைக்குப் போய்விடுவார். அத்தாஉல்லா வள்ளம் இழுக்கிற வண்டிகளும் கேட்டுகளும் செய்கிறவர், நல்ல மனிதர், வாய்தான் பெரிது. பட்டறை சும்மா கிடக்கிற நேரத்தில் தன்னுடைய வெல்டிங் பிளான்டை, இரும்பு ஒட்டுகிற மெஷினை, பிடிக்க இவரை விட்டார்.

முதல் முதலில் எனக்கென்று செருப்பு அடுக்க ஒரு இறாக்கை செய்து கொண்டு வந்தார். வாசலில் வைத்தால் கதவு திறக்கவில்லை. அளந்துதானே செய்தேன் என்று தலையைச் சொறிந்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரும்பை வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பக்கமும் தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டியிருக்கிறார். துணியில் அந்த அரை அங்குலம் தையலுக்குள்ளே போய்விடும். இரும்பு எங்கே போகும்? அத்தாஉல்லா இந்தக் கதையைக் கற்பிட்டி சந்தை வரைக்கும் கொண்டு போனார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்தது. இவரும் சேர்ந்துதான் சிரித்தார். அந்த இறாக்கை இன்றைக்கும் கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கிறது.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் என் இடுப்பு வந்து குறுக்கே விழுந்தது.

போன சோளகக் காற்றுக் காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து, ஒரு வோக்கரையும் கையில் தந்து அனுப்பினார்கள். நடக்க வேண்டும், நடந்தால்தான் நிமிரலாம் என்று டொக்டர் சொன்னார். சொல்லுவது லேசு. ஆஸ்பத்திரித் தரை சீமெந்து, எங்கள் வீட்டைச் சுற்றிய வளவு கடல் மணல். வோக்கரின் கால் நாலும் மணலுக்குள் இறங்கி நின்றுவிடும். எங்கள் கக்கூஸோ வளவின் கடைசியில், பக்கத்திலேயே தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்கிற குழாய்.

அதனால் ஒவ்வொரு தடவையும் ஒருவர் என்னைப் பிடித்துக் கொண்டு போக வேண்டும். மகள் நுஸ்ரா புத்தளத்தில் புகுந்த வீட்டில் இருக்கிறாள். ஒரு மாதம் நின்று பார்த்தாள், அதற்குமேல் அவளை மறிக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு இவர்தான். வாயில் நூலோடு, தைத்துக் கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பி வருவார். முகம் சுளித்ததே இல்லை. ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. கடையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது 'நுஸ்ராட வாப்பா' என்று கூப்பிட்டால் எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். கட்டிய மாப்பிள்ளையாக இருந்தாலும் கக்கூஸ் கதவுக்கு வெளியே ஒருவர் காத்து நிற்பதைப் போல மனிசரை உடைக்கிற காரியம் வேறு இல்லை. நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக் கொண்டேன். தேத்தண்ணியில் பாதியைப் பூச்சட்டிக்கு ஊற்றினேன். முதுகு கூனி, மணலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இனி மௌத்தாகும் வரைக்கும் இப்படித்தான் என்று முடிவும் கட்டி வைத்துவிட்டேன்.

அவர் அந்தப் பூச்சட்டியைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் காலையில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து, "எழும்பி நில்லு புள்ள, அளவெடுக்கணும்" என்றார். பெருநாளுக்குச் சட்டையாக்கும் என்று நினைத்தேன். தோளை அளக்கவில்லை. தரையிலிருந்து என் உள்ளங்கை வரைக்கும் அளந்தார். உட்கார்ந்தால் கை எங்கே வருகிறது என்று அளந்தார். பிறகு குசினி வாசலிலிருந்து கக்கூஸ் கதவு வரைக்கும் மணலில் குனிந்து குனிந்து டேப்பைப் பிடித்தார்.

"என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"கைபிடி வைக்கப் போறேன். நீ தனியப் போகலாம்" என்றார்.

எனக்கு இறாக்கை ஞாபகம் வந்தது. ஆனாலும் 'தனிய' என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அன்று முழுவதும் அதையே நினைத்துக் கொண்டிருந்தேன்.

அத்தாஉல்லாவிடம் கொடுத்தால் நல்லதாகச் செய்வாரே என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் கையில் ஹோட்டல் வேலை நிறைய இருந்தது. அதோடு, இதைப் பட்டறையில் செய்து கொண்டு வந்து நட முடியாது என்றார் இவர். சட்டையை ஒரு தடவை போட்டுப் பார்க்க வைத்து, பிடித்தும் விட்டும்தானே தைக்கிறோம், அதைப் போல நீ நடந்து பார்க்கப் பார்க்க ஒட்ட வேண்டும் என்றார். அதற்கு வீட்டிலேயே ஒரு வெல்டிங் பிளான்ட் வேண்டும் என்று கடைசியில் மெதுவாகச் சொன்னார். ஆசைக்கு என் இடுப்பைச் சாட்டு வைக்கிறீர்களா என்று கேட்டேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

பிளான்ட் தெரிவு செய்ய அவர் பட்ட பாட்டை, என்னைப் பெண் பார்க்க வந்தபோது பட்டிருக்க மாட்டார். அத்தாஉல்லா, செப்புக் கம்பி சுற்றிய பெரிய பிளான்டைத்தான் எடுக்க வேண்டும், இரண்டு பேர் தூக்குகிற கனம் இருந்தால்தான் அது பிளான்ட் என்றார். மருமகன் போனில் வேறொரு பிளான்டின் படம் அனுப்பினார், பளபளவென்று, முன்னால் நம்பர் எரிகிறது. இன்னொரு வகை, காஸ் ஊதிக்கொண்டு கம்பியால் ஒட்டுவது. அது பார்க்க அழகான வேலைதான். ஆனால் எங்கள் காற்றில் அந்த காஸ் இரும்பில் படுமுன்னே கடலுக்குப் போய்விடும் என்று இவரே அதைத் தள்ளினார். குச்சி போல ரொட் பிடித்து ஒட்டுகிற வகைதான் சரி என்ற இடத்துக்கு வந்து நின்றார்.

தையல் மெஷின் வாங்கப் போகிற டெய்லர் தன் துணித்துண்டைத் தானே கொண்டு போவார். கடைக்காரன் தருகிற துண்டில் எந்த மெஷினும் நன்றாகத்தான் தைக்கும். அதே கணக்கில் இவர் ஒரு துணிப்பைக்குள் பைப் துண்டும், உள்ளே வெறுமையான சதுர பொக்ஸ் பார் துண்டும் போட்டுக்கொண்டு புத்தளத்துக்குப் பஸ் ஏறினார். கடை கடையாக ஏறி ஒட்டிப் பார்த்தார். எல்லாப் பிளான்டும் நன்றாக ஒட்டியது. சந்தோஷமாக வர வேண்டிய மனிதர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

என்னவென்று கேட்டேன். கடைக் கரண்ட் வேறு, நம்முடைய கரண்ட் வேறு என்றார். அது உண்மை. நாட்டுக்கே கரண்ட் கொடுக்கிற மின் நிலையத்தின் புகைக்கூண்டு எங்கள் கொல்லையிலிருந்து பார்த்தால் தெரியும். ஆனால் எங்கள் சின்ன ஒழுங்கை கரண்ட் கம்பியின் கடைசி வால். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மிளகாய், வெங்காயத் தோட்டக்காரர்கள் எல்லாரும் மோட்டர் போட்டால் எங்கள் ஃபேன் களைத்துப் போய்ச் சுற்றும். ஆளுக்குப் போட்டுப் பார்க்காமல் சட்டை கொடுக்கிறது இல்லை, வீட்டுக்குப் போட்டுப் பார்க்காமல் எப்படி பிளான்ட் எடுக்கிறது என்று அவர் கேட்டார். கடைகளிலும் இதையே கேட்டிருக்கிறார். கொண்டு போய் எரித்துவிட்டுத் திருப்பித் தரவா என்று சிரித்திருக்கிறார்கள்.

நஜாத் என்ற கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய நிக்காஹ் சட்டையைத் தைத்தவர் இவர்தான். கலியாணத்துக்கு முந்திய நாள் வந்து கழுத்து இறுக்குகிறது என்று சொன்னவருக்கு, சோறு தின்னாமல் இருந்து பிரித்துத் தைத்துக் கொடுத்தாராம். நஜாத் அதை மறக்கவில்லை. கற்பிட்டிப் பக்கம் சாமான் இறக்க வான் வரும், அதில் சிலதைக் கொண்டு வருகிறேன், உங்கள் வீட்டிலேயே பாருங்கள் என்றார். காலையில் வரட்டுமா என்று கேட்டதற்கு, இவர் அஸருக்குப் பிறகு வாருங்கள் என்றாராம். கரண்ட் கெட்டுப்போகிற நேரத்தைத் தெரிந்தே சொன்னார்.

அந்த அஸர் நேரத்தை நான் மறக்க மாட்டேன். குசினி வாசலில் கதிரை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அத்தாஉல்லாவும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். தோட்டத்து மோட்டர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் அந்தக் கனமான செப்புப் பிளான்ட். ரொட் இரும்பைத் தொட்டதும் எங்கள் ஃபேன் நின்றது, ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. போட்டார்கள், மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை, டீவியில் நாடகம் விட்டு விட்டுத் தெரிந்ததால் பக்கத்து வீட்டு அலீமா வேலிக்கு மேலே தலையை நீட்டி, என்ன ஊர் முழுக்க இருட்டாக்கப் போறீங்களா என்று கேட்டாள். அத்தாஉல்லா சாரத்தைச் சரி செய்து கொண்டார்.

அடுத்தது நம்பர் எரிகிற பளபளப்பு. ரொட்டைத் தொட்டால் இரும்போடு ஒட்டிக்கொண்டு பிய்க்க வரவில்லை. நம்பரும் அணைந்து போனது. அதுவரைக்கும் எனக்கும் இது அவருடைய விளையாட்டு என்ற எண்ணம் ஒரு ஓரத்தில் இருந்தது. இப்போது, எதுவும் பிடிக்காவிட்டால் என் கைபிடி இல்லை, நான் மறுபடி கூப்பிட வேண்டும், அவர் மறுபடி கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். நான் துஆக் கேட்கத் தொடங்கினேன்.

கடைசியாக ஒரு சின்னப் பிளான்ட். பள்ளிக்கூடப் பையைப் போலத் தோளில் மாட்டலாம். பார்வைக்கு ஒன்றுமில்லை. கரண்ட் குறைந்தாலும் இது சமாளிக்கும், ஆனால் மெல்லிய ரொட்தான் போட வேண்டும், பெரிய வேலைக்குச் சரி வராது என்று நஜாத் உள்ளதைச் சொன்னார். இவர் முகமூடியை இறக்கினார். டிக் என்று பற்றி, பிறகு விடாமல் சொரிகிற சத்தம் வந்தது. அவர் சொல்லி வைத்தபடி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஃபேனைப் பார்த்தேன். அது கொஞ்சம் முனகியது, நிற்கவில்லை.

"இது போதும். எனக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்ல" என்றார் இவர்.

அத்தாஉல்லா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, இதற்குள்ளே என்னதான் இருக்கிறது என்று முணுமுணுத்தார். பிளான்டுக்குள் உப்புக் காற்றுப் போனால் கெட்டுவிடுமா என்று இவர் நஜாத்திடம் கேட்டுக் கொண்டிருந்தார். வேலை செய்யும்போது மூடக்கூடாது, சும்மா கிடக்கும்போது திறந்து போடக்கூடாது என்று பதில் வந்தது. அடுத்த நாளே வெள்ளைக்காரன் விட்டுப்போன பட்டத்துணியில், ஸிப் வைத்து, அதற்கு ஒரு சட்டை தைத்துவிட்டார். சிவப்பும் மஞ்சளுமாக, என் பெருநாள் உடுப்பை விட அது நன்றாக இருந்தது.

பிறகு வேலை. மணலைத் தோண்டி கொங்கிரீட் போட்டு, குசினி வாசலிலிருந்து வரிசையாக பொக்ஸ் பார் கால்களை நட்டு, மேலே கைபிடிக்கு பைப் வைத்தார். துருப் பிடிக்காமல் பைப்புக்குப் பூசியிருந்த வெள்ளைப் பூச்சை ஒட்டுகிற இடத்தில் உரசி எடுத்தார். அது எரிந்தால் வருகிற புகை கூடாதாம். காற்று வருகிற பக்கம் நின்று கொண்டுதான் ஒட்டினார். லேசாக ஒரு பொட்டு ஒட்டிவிட்டு என்னை நடக்கச் சொல்வார். நான் பிடித்து நடப்பேன். கை இறங்குகிற இடம் பார்த்து, வெட்டித் திரும்ப ஒட்டுவார். கக்கூஸுக்குள்ளே உட்காரவும் எழும்பவும் இரண்டு பக்கமும் பிடி. குழாயடியில் ஒளுச் செய்யும்போது இடுப்பைச் சாய்க்க ஒரு வளையம். ஒட்டு எல்லாம் கரடுமுரடுதான், எறும்பு ஊர்ந்த புற்று மாதிரி. ஆனால் கை படுகிற இடத்தை மட்டும் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம், அப்படி உரசியிருந்தார்.

அத்தாஉல்லா பார்க்க வந்தார். ஒவ்வொரு காலுக்குள்ளேயும் இன்னொரு சின்ன பொக்ஸ் பார் இறங்கி, அதை ஒரு போல்ட் பிடித்துக் கொண்டிருந்தது. ஒரே காலாக நேரே ஒட்டினால் முடிகிற வேலைக்கு ஏன் இந்த இரட்டை வேலை, இரும்புக்கும் தையல் விட்டாயா என்று கேட்டார். பழைய கதையைக் கிளறுகிறாரே என்று எனக்கே பாவமாக இருந்தது. இவர், "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

பெயின்ட் காய்ந்த அன்று அஸர் பாங்கு சொல்லும்போது நான் எழும்பினேன். முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரையும் கூப்பிடவில்லை. பைப்பைப் பிடித்துக்கொண்டு, மணலைத் தாண்டி, உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு குழாயடியில் நின்று நானே ஒளுச் செய்தேன். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டபோது அழுகை வந்துவிட்டது. திரும்பி வரும்வரைக்கும் மெஷின் சத்தம் நிற்கவில்லை. என்னைத் தொடர்ந்து வந்து பார்க்காமல் இருந்தாரே, அதற்காகவும் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். அன்றைக்குத் தேத்தண்ணி முழுக் கோப்பையும் குடித்தேன்.

ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அப்படிப் போய் வந்தேன். வேலை இல்லாத நேரத்திலும் பைப்பைப் பிடித்து நடந்தேன். அலீமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கதை கொடுப்பாள், அவளோடு கதைத்துக்கொண்டே நடப்பேன். மழைக்காலம் வந்து போனது. நோன்பும் வந்து போனது.

பெருநாள் கழிந்து ஒரு நாள், நடந்துவிட்டு வந்து முன்னறைக் கதவில் நின்று கொண்டு, பைப் கொஞ்சம் இறங்கிப் போச்சோ தெரியாது, இப்போ பிடிக்கிறதுக்குக் குனிய வேண்டி இருக்கு என்று சொன்னேன். மணலில் கொங்கிரீட் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஒருவேளை தையல்காரரின் வேலைதானே என்றும் நினைத்தேன்.

அவர் மெஷினை நிறுத்தினார். டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, என்னை நேரே நிற்கச் சொல்லி, தரையிலிருந்து உள்ளங்கை வரைக்கும் அளந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நுஸ்ரா பிறந்த அன்றுதான் கண்டிருக்கிறேன். ஸ்பெனரை எடுத்துக்கொண்டு வளவுக்குப் போனார். ஒவ்வொரு காலாக போல்ட்டைத் தளர்த்தினார். உள்ளே இறங்கியிருந்த பொக்ஸ் பார் மேலே வந்தது. பெயின்ட் படாத புது இரும்பு பளிச்சென்று தெரிந்தது. உயரத்தைப் பார்த்து மறுபடி இறுக்கினார். அதற்கு மேலும் தூக்க உள்ளே இன்னும் இரும்பு இருந்தது.

"இது எதுக்கு உள்ள விட்டீங்க?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் அவர் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது.

"பைப் இறங்கல்ல புள்ள. நீ நிமிர்ந்திருக்கிறாய்" என்றார். "நிமிருவாய் என்று தெரியும். அதான் மடிப்பு விட்டேன்."

நான் முடிந்துபோனேன் என்று நானே முடிவு கட்டியிருந்த நாட்களில், இந்த மனிசன் வளர்கிற பிள்ளைக்கு விடுவது போல எனக்கு இடம் விட்டு வெட்டியிருக்கிறார். எனக்கு அவரிடம் நன்றி சொல்லிப் பழக்கம் இல்லை. அன்றைக்குச் சொன்னேன். பெயரைச் சொல்லியே சொன்னேன். அவர் வெட்கப்பட்டு, ஸ்பெனரைத் துடைத்து, பட்டத்துணிச் சட்டை போட்ட பிளான்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாருடையவோ யூனிஃபோமை முடிக்க உள்ளே போனார். நான் உயர்த்திய பைப்பைப் பிடித்துக்கொண்டு ஒளுச் செய்யப் போனேன்.